சும்மாதான் கேட்டேன்

என் மேஜை டிராயரில் ஒரு சாட்டிலைட் போன் பில்லின் ஜெராக்ஸ் கிடக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது, எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. அதில் ஒரு வரி மட்டும் எனக்கு மனப்பாடம்: பிற்பகல் 3.52, நான்கு நிமிடம். 'சரிபார்க்கப்பட்டது, பணம் வழங்கலாம்' என்று அந்த பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். அந்த நான்கு நிமிஷம் பேசியதும் நான்தான். அப்படி ஒரு பேச்சு நடந்தது என்பதற்கு அரசாங்கத்திடம் இருந்த ஒரே சாட்சி அந்த வரிதான். விசாரணைக் கோப்பில் அது இல்லை. அந்தக் கோப்பின் கடைசிப் பக்கத்திலும் என் கையெழுத்துதான் இருக்கிறது.

கடல் ஆய்வுக் கப்பல்களைக் கரையில் உட்கார்ந்து நடத்துவது என் வேலையாக இருந்தது. எந்தக் கப்பல் எப்போது எங்கே போகும், யார் ஏறுவார்கள், எத்தனை டன் டீசல், எந்த வின்ச் பழுது, யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்று எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும். "கப்பலை ஓட்டுறது கேப்டன், கேப்டனை ஓட்டுறது நான்" என்று கல்யாண வீடுகளில் ஜம்பமாகச் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிப்பாகத் தோன்றியதே இல்லை.

தூத்துக்குடிக்காரன். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதினார். பம்பாயில் 'ராஜேந்திரா' பயிற்சிக் கப்பலில் படித்துவிட்டு, சில வருஷம் சரக்குக் கப்பலில் இரும்புத் தாதும் கோதுமையும் சுமந்தேன். பிறகு ஆய்வுக் கப்பலுக்கு வந்தேன். அப்போது நாட்டிடம் இருந்த பெரிய ஆய்வுக் கப்பல்களில் இரண்டைச் சொல்கிறேன். 1983-ல் ஜெர்மனியில் கட்டி வந்த சாகர் கன்யா, நூறு மீட்டர் நீளம். அடுத்த வருஷம் டென்மார்க்கில் கட்டிய சாகர் சம்பதா, மீன்வள ஆய்வுக்கு. இத்தாலியில் கட்டிய சாகர் நிதி வந்தது வெகு காலம் கழித்து. எந்தக் கப்பலில் என்ன நடந்தது என்று இங்கே சொல்லப்போவதில்லை. தப்பு கப்பலுடையது அல்ல.

சரக்குக் கப்பலில் நிற்பது நஷ்டம். ஆய்வுக் கப்பலில் நிற்பதுதான் பிழைப்பு. இது பழக எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. நடுக்கடலில் எஞ்சினை அடக்கி, தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் ஆழம் ஆழமாக அளக்கும் கருவியைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். நொடிக்கு ஒரு மீட்டர் இறங்கும். மூவாயிரம் மீட்டருக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் காற்றும் நீரோட்டமும் கப்பலை இழுக்க, கம்பி செங்குத்தாக நிற்கும்படி கப்பலை அதே இடத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். முதல் பயணத்தில் விஞ்ஞானிகள் தெர்மோகோல் கப்பில் பிள்ளைகளின் பெயரை எழுதி, வலைப்பையில் போட்டுக் கருவியோடு சேர்த்துக் கட்டினார்கள். மேலே வந்தபோது அழுத்தத்தில் சுருங்கி, தையற்காரரின் விரலுறை அளவுக்கு ஆகியிருந்தது. எழுத்தும் அதே அளவில் சுருங்கி, அழியாமல் இருந்தது. நானும் என் பெண்ணின் பெயரை எழுதி ஒன்று வாங்கினேன். போசனும் ஒன்று வாங்கினார்.

போசன் என்றால் டெக்கில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவர். அவருக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் கப்பலில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குளச்சல் பக்கம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முறுகி நிற்கும் கயிற்றின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்துப் பார்த்து, "இது பாடுது, தள்ளி நில்லுங்க" என்பார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கயிறு அறுந்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கயிறு கட்டுவதில் எனக்குத் தெரிந்ததில் பாதி பயிற்சிக் கப்பலில் கற்றது. மீதிப் பாதி, அதாவது உயிரோடு இருக்க உதவிய பாதி, அவரிடம் கற்றது.

1999-ன் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தமிழரான வீ. ராமநாதன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். மாலத்தீவை மையமாக வைத்துக் கப்பல்களும் விமானங்களும் சேர்ந்து வேலை செய்தன. நம் சாகர் கன்யா, அமெரிக்காவின் ரொனால்ட் எச். பிரௌன், மேலே நாலு எஞ்சின் விமானம். தெற்காசியாவிலிருந்து கிளம்பும் புகையும் தூசியும் கடல் மேல் மூன்று கிலோமீட்டர் தடிமனுக்குப் பழுப்புப் போர்வையாகக் கிடப்பதை அப்போதுதான் சரியாக அளந்தார்கள். அந்த ஆய்வைப் பற்றிய பேச்சில்தான் அமெரிக்காவில் ஆய்வுக் கப்பலுக்கும் ஆய்வு விமானத்துக்கும் என்றே சீருடை அணிந்த ஒரு சேவை இருப்பது எனக்குத் தெரிந்தது. சில நூறு அதிகாரிகள்தான், ஆயுதம் கிடையாது. முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-ல், நில அளவை செய்தவர்களுக்குப் படை அதிகாரிப் பதவி கொடுத்ததில் தொடங்கியது. எதிரியிடம் சிக்கினால் ஒற்றன் என்று சுடாமல் போர்க்கைதியாக நடத்துவார்கள் என்பது ஒரு காரணமாம். அங்கே ஒருவர் கப்பலில் தொடங்கி அந்தச் சேவையின் தலைவராகவே ஓய்வு பெறலாம்.

நம்மிடம் அப்படி இல்லை. கப்பல் அரசாங்கத்துடையது. ஓட்டுகிறவர்கள் ஒப்பந்தக் கம்பெனி அனுப்பும் வணிகக் கப்பல்காரர்கள். கேப்டனின் ஒப்பந்தம் சில மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கலாமா என்ற கடிதம் என்னிடம் வரும். இதை எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறேன் பாருங்கள். அப்போதும் இவ்வளவு சாதாரணமாகத்தான் நினைத்தேன்.

2004 சுனாமிக்குப் பிறகு கடலில் மிதக்கும் ஒவ்வொரு கருவிக்கும் மரியாதை கூடிவிட்டது. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் திறந்தார்கள். கடல் தரையில் வைத்த கருவி, தன் மேல் நிற்கும் தண்ணீரின் எடையை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். மேலே ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் அதற்குத் தெரிந்துவிடும். ஒலி மூலமாக அது மேலே மிதக்கும் போயாவுக்குச் சொல்லும், போயா செயற்கைக்கோளுக்குச் சொல்லும், செயற்கைக்கோள் கரைக்குச் சொல்லும். சங்கிலியில் ஒரு கண்ணி ஊமையானால் மொத்தமும் ஊமை. ஊமையாக நூறு காரணம். மீனவர்கள் அதில் படகைக் கட்டுவார்கள் என்று விஞ்ஞானிகள் பொருமுவார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. போயாவின் நிழலில் சின்ன மீன் கூடும், சின்ன மீனுக்காகப் பெரிய மீன் வரும். எங்கள் ஊர்க்காரன் நடுக்கடலில் அப்படி ஓர் இடத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போவானா?

அதே 2007 நவம்பரில் வங்கக் கடலில் ஒரு போயா ஊமையாகிவிட்டது. கப்பலை அனுப்பியிருந்தேன். பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். வாடைக்காலம், வானிலை அறிக்கையில் தாழ்வு மண்டலம். மேலிடத்திலிருந்து தினமும் காலையில் ஒரே கேள்வி: "போட்டாச்சா?" எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஆண்டறிக்கையில் 'திட்டமிட்ட கப்பல் நாள், பயன்பட்ட கப்பல் நாள்' என்று இரண்டு பத்தி உண்டு. நான் பொறுப்புக்கு வந்ததிலிருந்து அந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்ததில்லை. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. என் பெண்ணின் மதிப்பெண்கூட அந்த அளவுக்கு நினைவில் இல்லை.

3.52-க்குப் போன் போட்டேன். கேப்டன் ஒரு காலத்தில் எனக்குக் கீழே மூன்றாவது அதிகாரியாக இருந்த பையன். நல்லவன்.

"என்னப்பா, எவ்வளவு நேரம் ஆகும்?"

"சார், ஸ்வெல் மூணு மீட்டர் கிட்ட இருக்கு. போயா பக்கத்துலதான் நிக்கறோம். காலையில கொஞ்சம் அடங்கும்னு நினைக்கிறேன். காலையில எடுக்கலாம்னு..."

"ஓகோ. காலையில அடங்குமா?"

"சொல்ல முடியாது சார்."

"சரி, சரி. உங்க முடிவுதான். நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங், கேப்பாங்க. அதுக்குத்தான் சும்மா கேட்டேன்."

கொஞ்சம் மௌனம். "பார்க்கிறேன் சார்."

பிறகு டீசல் கணக்கு, ஒரு விஞ்ஞானிக்கு வயிற்று வலி என்று இரண்டு நிமிஷம் பேசினோம். அவ்வளவுதான். நான் கத்தவில்லை, கட்டளை இடவில்லை. 'உங்க முடிவுதான்' என்று வேறு சொன்னேன். இந்த மூன்று விஷயத்தையும் பல வருஷம் எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரையிலிருப்பவன் கேப்டனின் பாதுகாப்பு முடிவில் தலையிடக் கூடாது என்பது சர்வதேசக் கடல் சட்டத்திலேயே இருக்கிறது. கப்பல் முதலாளியாகட்டும், வாடகைக்கு எடுத்தவனாகட்டும், கேப்டன் தன் தொழிலறிவைக் கொண்டு எடுக்கும் முடிவைத் தடுக்கக் கூடாது. இளம் அதிகாரிகளுக்கு அந்த விதியை நானே பாடம் எடுத்திருக்கிறேன், படம் போட்டு. விதியை நான் மீறவே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. சட்டம் பயன்படுத்தும் சொல் 'தடுப்பது'. ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவன் 'சும்மா கேட்பது' சட்டத்தில் எங்கேயும் இல்லை.

ஐந்து மணிக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். போயா ஓர் ஆட்டோ அளவு இருக்கும். கப்பலின் பின்பக்கம் வாசற்கால் மாதிரி நிற்கும் இரும்புச் சட்டத்தில் கப்பி இருக்கும், அதில்தான் தூக்குவது. தூக்கும்போது போயா ஊஞ்சலாடாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆள் பிடிப்பார்கள். போயா தண்ணீரை விட்டு எழும்பியபோது ஓர் அலை கப்பலின் வாலைத் தூக்கியது. தொய்ந்திருந்த கயிறு ஒரே இழுப்பில் முறுகியது. பிடித்திருந்த இளைஞனை போசன் தள்ளிவிட்டார். அவருடைய வலது கை கயிற்றுக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்.

இரவு முழுக்க ஹெலிகாப்டர் கேட்டுப் போன் செய்தேன். கப்பல் கரையிலிருந்து முந்நூறு கடல் மைலில் இருந்தது. அவ்வளவு தூரம் போய், நின்று ஆளைத் தூக்கிக்கொண்டு திரும்பும் ஹெலிகாப்டர் எங்கே இருக்கிறது? மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகத்தில் கப்பலே ஓடி வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் அன்று இரவு ஐந்தாறு தடவை போட்டேன், ஒவ்வொரு தடவையும் இருபத்தைந்து மணி நேரம்தான் வந்தது. போயா மட்டும் பத்திரமாக டெக்கில் இருந்தது. பத்து மணிக் கூட்டத்தில் "எடுத்தாச்சு" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் விபத்தைச் சொன்னேன். அந்த வரிசை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

விசாரணையை நடத்தியது நான். வேறு யாருக்கு அந்த வேலை தெரியும்? ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, படிவத்தில் உள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். கையுறை போட்டிருந்தீர்களா? எங்கே நின்றீர்கள்? வெளிச்சம் போதுமா? ஒன்பதாவதோ பத்தாவதோ கேள்வி: வேலையைத் தொடங்கும்படி யாரேனும் அவசரப்படுத்தினார்களா?

போசன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரும் இல்ல சார்" என்றார். நான் 'இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

கேப்டனின் வாக்குமூலமும் அதேதான். கடல் நிலை வேலைக்கு ஏற்றது என்று தான் கணித்ததாகவும், கணிப்பு தவறிவிட்டதாகவும் எழுதிக் கொடுத்தான். போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் ஆறுதல்தான் முதலில் வந்தது. பரிந்துரைகளை நானே எழுதினேன். நல்ல கையுறை, கூடுதல் பயிற்சி, புதிய கயிறு. எல்லாம் அவசியமானவைதான். இரண்டு மாதம் கழித்து போன் பில் வந்தது. கையெழுத்துப் போட்டேன். அனுப்பும் முன் ஏனோ ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் பதவி உயர்வு. கேப்டன் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டான்.

மனசு அப்போது மாறியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. சில வருஷம் கழித்து, மேகங்களை ஆராயும் ஒரு வேலைக்கு, பருவமழைக் காலத்தில் ஒரு விமானம் வாடகைக்கு எடுத்தார்கள். ஏற்பாடுகளுக்குப் பொறுப்பாக என்னையும் போட்டார்கள். இரட்டை எஞ்சின் விமானம், இறக்கைக்கு அடியில் குழல் குழலாகக் கருவிகள். மேகத்துக்குள் புகுந்து நீர்த்துளிகளின் அளவை எண்ணும். மேகம் வரும்வரை தரையில் காத்திருப்பது, வந்த பிறகு அது ரொம்பப் பெரிதாகிவிட்டதே என்று மறுபடி காத்திருப்பது, இதுதான் அந்த வேலை. நாலாம் நாள் காலை விமானி அறையில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்து, "இன்னிக்குப் பறக்கிற மாதிரி இருக்கா?" என்றேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க இந்த அறையில இருந்தா எனக்கு யோசனை ஓடாது. வெளியில உட்காருங்க. முடிவு பண்ணிட்டு நானே வந்து சொல்றேன்."

முகம் சுண்டிவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். அந்த டீ ஆறிய பிறகுதான் 3.52 ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தப் பையனால் என்னை வெளியே உட்காரச் சொல்ல முடிந்திருக்குமா?

அன்று பறக்கவில்லை. மத்தியானம் அந்த விமானிதான் 1989 ஹியூகோ சூறாவளிக் கதையைச் சொன்னார். அமெரிக்க ஆய்வு விமானம் ஒன்று 1,500 அடி உயரத்தில் அதற்குள் புகுந்தது. எதிர்பார்த்ததைவிடப் புயல் மிகக் கடுமை. ஓர் எஞ்சின் தீப்பிடித்து நின்றது, விமானம் கடலுக்குச் சில நூறு அடி வரை இறங்கி, எப்படியோ புயலின் கண்ணுக்குள் வந்து சேர்ந்தது. அமைதியான அந்தக் கண்ணுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி எரிபொருளைக் கொட்டி எடை குறைத்தார்கள். விமானப் படையின் இன்னொரு புயல் விமானம் வந்து, கண்ணைச் சுற்றியிருந்த புயல் சுவரில் மெலிந்த இடமாகத் தேடிக் காட்டி, வெளியே கூட்டி வந்தது. யாரும் சாகவில்லை. அதில் இருந்த வானிலையாளர் அந்த வேலையையே விட்டுவிட்டார். பிற்பாடு எல்லாவற்றையும் எழுதினார், தாங்கள் எங்கே தவறினோம் என்பதையும் சேர்த்து.

என் கப்பலிலும் யாரும் சாகவில்லை. நான் எதுவும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வேலை நடக்கும் நாட்களில் கப்பலுக்கு நான் போன் செய்வதில்லை, கப்பல்தான் எனக்குச் செய்யும். ஒப்பந்தப் புதுப்பிப்புக் கடிதத்தையும் வேறொருவர் மேஜைக்கு மாற்றச் சொன்னேன். காரணம் கேட்டார்கள், 'வேலைப் பளு' என்று எழுதிக் கொடுத்தேன். பாருங்கள், அங்கேயும் பொய். கப்பல் நாள் பத்தியில் இடைவெளி விழ ஆரம்பித்தது. ஒரு கூட்டத்தில், "முன்ன மாதிரி இல்லையே சார்" என்றார் ஓர் இளம் அதிகாரி. "ஆமா" என்றேன்.

போசனிடம் போக ஓய்வு பெறும்வரை துணிச்சல் வரவில்லை. குளச்சலில் வீட்டுக்கு முன்னால் பூவரச மரத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்தார். கட்டை விரலும் மீதி இரண்டு விரலுமாக ஊசியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் பிறவியிலிருந்தே அப்படித்தானோ என்று தோன்றும். அவர் மனைவி மீன் வாங்க ஆளை அனுப்பினார், வேண்டாம் என்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே டிவிக்கு மேல் அந்தச் சுருங்கின தெர்மோகோல் கப், மகள் பெயரோடு. மகள் இப்போது நாகர்கோவிலில் நர்ஸ்.

டீ வந்த பிறகு சொல்லிவிட்டேன். அன்றைக்கு 3.52, நான்கு நிமிஷம், மூன்று மீட்டர் ஸ்வெல், பத்து மணி மீட்டிங், 'சும்மாதான் கேட்டேன்' வரை எல்லாம். ஜெராக்ஸைக்கூட சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டுவதற்குள் அவர் கையமர்த்தினார்.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"கேப்டன் மைக்குல சொன்னாருல்லா. ஆபீஸ்ல இருந்து போன் வந்தாச்சு, இன்னைக்கே எடுத்திட்டுப் போவோம்னு. டெக்குல நின்ன எல்லாத்துக்கும் தெரியும். போட்டும் சார், டீ ஆறுது."

பதினைந்து வருஷமாக நான் காப்பாற்றி வைத்திருந்த ரகசியம் அன்று சாயங்காலமே கப்பல் முழுக்க ஒலிபெருக்கியில் போயிருக்கிறது. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

"அப்போ ஆஸ்பத்திரியில கேட்டப்போ ஏன் சொல்லலை? யாராவது அவசரப்படுத்தினாங்களான்னு கேட்டேனே?"

அவர் ஊசியை ஒரு கண்ணிக்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டது நீங்கதானே சார்?"